சமாதானம் சாரும் சிவப்புக் கோடுகளும்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் வெளியே வந்ததும் முதலில் தேடுவது தண்ணீரை. அடுத்துத் தேடுவது லிஃப்ட் கம்பெனியின் மின்னஞ்சல் முகவரியை. அப்படிக் கொதித்துக்கொண்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் நம் நாயகரின் உத்தியோகம். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி; கம்பெனி முழுக்க அவர் சமாதானம் சார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டி எழுதியவர்கூட அவருடைய பதிலைப் படித்ததும், பாவம், நாம்தான் லிஃப்டைத் தொந்தரவு செய்துவிட்டோமோ என்று வருந்துவார். முழங்கால் வலிக்காரருக்கு முழங்கால் விசாரிப்பு, பரீட்சை வீட்டுக்குப் பரீட்சை விசாரிப்பு. மெக்கானிக் வரும் நேரம் கடைசி வரியில்தான் வரும்.

அவருக்கு இரண்டு நியமங்கள் உண்டு. காலையில் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, மஞ்சள் துணியால் மேஜை, டெலிபோன், கீபோர்டு எல்லாவற்றையும் அழுத்தித் துடைப்பார். பிறகு, எழுதும் கடிதத்தில் ஒரு சொல்லுக்கடியில் பிழை என்று கம்ப்யூட்டர் போடும் சிவப்புக் கோடு இருந்தாலும் அனுப்பமாட்டார். பிழையோடு மன்னிப்புக் கேட்பது, சேற்றுக் காலோடு அடுத்தவர் கட்டிலில் ஏறுவது மாதிரி என்பது அவர் கட்சி.

ஒரு திங்கட்கிழமை, ‘வணக்கம்’ என்று அடித்தார். கீழே சிவப்புக் கோடு. ‘ஐயா’ என்றார், அதற்கும் கோடு. ‘வருந்துகிறோம்’ என்று வருந்திப் பார்த்தார், இயந்திரம் இரங்கவில்லை. கடைசியில் தம் சொந்தப் பெயரை அடித்தார். அதுவும் தப்பாம்.

வேறு யாராக இருந்தாலும் கம்ப்யூட்டர் தலையில் ஒரு தட்டுத் தட்டியிருப்பார்கள். சமாதானம் சார் தம்மைத் தவிர யாரையும் சந்தேகப்பட்டுப் பழகாதவர். மூளை கரைய ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டினார். அன்று மாலை மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

“நான் பேசுறது உனக்குப் புரியுதா?”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து புரியல. இன்னிக்கு என்ன புதுசா?”

ஆறுதலுக்குப் போனவருக்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து கடிதங்கள் இளைக்கத் தொடங்கின. கோடு விழுந்த சொல்லையெல்லாம் களையெடுப்பார். களையெடுத்து முடித்தால் வயலே காணாமல் போயிருக்கும். எண்களுக்கு மட்டும் கோடு விழவில்லை என்பதைக் கண்டுகொண்டு, எண்களை மட்டும் அனுப்பலானார். கூடவே, கம்பெனிக்குக் கெட்ட பெயர் வருமுன் தாமே போய்விடுவதுதான் மரியாதை என்று முதலாளிக்கு ஒரு ராஜினாமாக் கடிதமும் எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தார். தலை முதல் கால் வரை சிவப்பு.

வெள்ளிக்கிழமை ஒரு அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளரிடமிருந்து போன் வந்தது. எடுத்தது ஸ்டோர்ஸ் அக்கா. கம்பெனியின் நட்டு, போல்ட்டு, நியாயம் மூன்றும் அவர் பொறுப்பில்.

“ஏம்மா, சார் எங்க மேல ஏதாவது கோபமா இருக்காரா?”

“அவருக்குக் கோபமா? அது ஸ்டாக்கே இல்லையே.”

“எப்பவும் என் முழங்காலைக் கேப்பாரும்மா. இந்தத் தடவை ‘4, 10.30’னு மட்டும் வந்திருக்கு. மிரட்டலோன்னு வீட்ல பயப்படுறாங்க.”

அக்கா போனை வைத்துவிட்டு நேரே வந்தார். “அண்ணே, என்ன ஆச்சு உங்களுக்கு?”

“மூளை போச்சும்மா,” என்றார் சமாதானம் சார், குடை தொலைந்ததைச் சொல்வது போல. ராஜினாமாக் கடிதத்தைத் திறந்து காட்டினார். “பாரு. ஒரு வார்த்தைகூட ஒழுங்கா வரல.”

அக்கா படித்தார். எல்லா வார்த்தையும் ஒழுங்காகத்தான் இருந்தது. “இத எப்ப எழுதினீங்க?”

“புதன்கிழமை.”

“ஏன் இன்னும் அனுப்பல?”

“இவ்வளவு தப்போட எப்படிம்மா அனுப்புறது?”

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் பாதி கோபம். மீதி, நமக்குச் சொல்லத் தெரியாத வேறு ஏதோ. சார் கைக்கு வேலை கொடுக்க மஞ்சள் துணியை எடுத்துக் கீபோர்டை ஒரு இழுப்பு இழுத்தார். திரை பேயாடியது. ஜன்னல்கள் திறந்தன, மூடின.

“நிறுத்துங்க! கம்ப்யூட்டர் ஓடுறப்பவா துடைப்பீங்க?”

“பின்ன, துடைக்காம தொழிலுக்கு உட்காரச் சொல்றியா?”

அக்கா துணியைப் பிடுங்கிக்கொண்டு மவுஸைத் தட்டினார். பிழை திருத்தும் பகுதியில் ‘போர்ச்சுகீஸ்’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு டிக். திங்கட்கிழமை காலை துணி பட்ட ஏதோ ஒரு பட்டனின் திருவிளையாடல்.

“அண்ணே, நீங்க தமிழ்ல எழுதுறீங்க. அது போர்ச்சுகீஸ்ல திருத்துது.”

“அப்ப நான்?”

“எப்பவும் போலத்தான் இருக்கீங்க. அதான் பிரச்சினையே.”

தமிழுக்கு மாற்றினார். சிவப்பெல்லாம் ஓடி ஒளிந்தது. ராஜினாமாக் கடிதம் குளித்து முடித்த குழந்தை மாதிரி பளிச்சென்று நின்றது.

“இப்ப தப்பே இல்ல. அனுப்பிடுங்களேன்,” என்று சீண்டினார் அக்கா.

“ஐயையோ, முதலாளி மனசு கஷ்டப்படுமே.”

“அப்ப அழிச்சுடுங்க.”

சார் கடிதத்தை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லா வந்திருக்கேம்மா...”

முதலில் முழங்காலை விசாரித்து, ‘4’ என்றால் நாலாவது மாடி, ‘10.30’ என்றால் மெக்கானிக் வரும் நேரம் என்று செயலாளருக்கு நீளமாக விளக்கினார். அப்புறம் கடிதத்திலிருந்து, விலகுவதாகச் சொன்ன வரியை மட்டும் எடுத்தார். மிச்சமிருந்தது முதலாளியின் ரத்த அழுத்தம் பற்றிய கவலை, அவர் தாயாருக்கு வணக்கம், ஸ்டோர்ஸ் அக்காவுக்கு ஒரு நல்ல நாற்காலி தரவேண்டிய அவசியம். அதை அனுப்பினார்.

சற்று நேரத்தில் முதலாளி தம் அறையிலிருந்து அரக்கப் பரக்க வந்தார்.

“என்ன சார், லீவு வேணுமா?”

“ஒண்ணும் வேணாம் சார். சும்மா விசாரிச்சேன்.”

முதலாளி நம்பாமலே திரும்பிப் போனார். நாற்காலி மட்டும் திங்கட்கிழமை வந்துவிட்டது.