வேப்பமரத்து மஞ்சள் பை

திருத்தங்கல் அச்சகத்திலிருந்து லேபிள் கட்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அடிக்கடி போவேன். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் ஒடிசலானவர். காக்கிச் சட்டைக்குள் தோள்கள் எப்போதும் தூக்கியே இருக்கும். ஆஸ்துமாக்காரர்கள் நாங்கள் அப்படித்தான் நிற்போம்.

உள்ளே போகிறவர்களிடம் போன், தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைப்பது அவர் வேலை. ஒருநாள் என் சட்டைப்பையைக் காட்டினார்.

"அந்த இன்ஹேலரையும் குடுத்துட்டுப் போங்க."

"எப்பவும் கூடவே இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார் அண்ணாச்சி."

"தீக்கிட்ட வைக்கக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கே, பாக்கலையா? உள்ள இருக்கிறது அம்புட்டும் வெடி."

அவருடைய இன்ஹேலர் கேட்டுக்கு வெளியே, சாலையோர வேப்பமரத்தில் ஒரு மஞ்சள் பைக்குள் தொங்கியது. இளைப்பு வந்தால் மூச்சு வாங்க வாங்க அதுவரை நடந்து போவார்.

"நடக்க முடியாமப் போச்சுன்னா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "யாராச்சும் எடுத்தாந்து தருவாக" என்றார்.

டாக்டரிடம் கேட்டேன். "கையிலதான் இருக்கணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். பட்டாசுக் கம்பெனி என்றதும், "அப்ப நீங்க உள்ளேயே போகாதீங்க" என்றார்.

யார் சொல்வது சரி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இப்போதெல்லாம் கட்டுகளைக் கேட்டிலேயே இறக்கிவிடுகிறேன். ஆள் வந்து எடுத்துப் போகும்வரை அந்த மரத்தடியில் போய் நிற்கிறேன். ஏன் அங்கே நிற்கிறேன் என்று வாட்ச்மேன் கேட்டதில்லை. அவர் தோள் கொஞ்சம் ஏறினாலும், என் கை மஞ்சள் பைக்குள் போய்விடுகிறது.