நடுவில் யாரும் நிற்காத இடம்

பேருந்துப் பணிமனையில் இன்ஜின் பிரிக்கும் மேஸ்திரிதான் கால்பந்து அணிக்கும் பயிற்சியாளர். பதினாலு வருஷமாக, ஷிப்ட் முடிந்ததும் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே மைதானத்துக்கு வருவார். அவருடைய ஆட்டத் திட்டம் ஒரே வரி: பந்தை மாப்பிள்ளையிடம் கொடு.

மாப்பிள்ளை, அவர் தங்கையின் கணவர். டயர் பிரிவில் வேலை, மைதானத்தில் நடுக்களம். பந்து வந்தால் தலையைத் தூக்காமலே இடமோ வலமோ பிரித்துவிடுவார். "திரும்பு! பின்னாடி ஆள் வரான்!" என்று கூட ஆடுகிறவர்களிடம் தொண்டை கட்டும்வரை கத்துவார். ஒரு மதியம் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஆட்டத்தில் அந்த இடத்துக்குக் கண்டக்டர் ஒருவரை இறக்கினார் மேஸ்திரி. ஐந்தே நிமிடத்தில் அவர் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டார். பதிலுக்கு வந்த வெல்டரும் அப்படியே.

"அங்க நிக்க முடியல மேஸ்திரி. ஏற்கெனவே ஒருத்தர் நிக்கிற இடத்துல போய் இடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு," என்றார் வெல்டர்.

நாலு கோல் வாங்கித் தோற்றார்கள்.

மேஸ்திரி பணிமனை மொட்டைமாடியில் ஏறிப் பயிற்சியைப் பார்த்தார். நடு வட்டத்துக்குச் சற்றுப் பின்னால், பத்தடி அகலத்தில், ஒருவர் காலும் அந்தப் புல்லில் படவில்லை. ஓடி வருகிறவர்கள்கூட அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இறங்கி வந்து சொன்னார்: "சரி, நடுவை விட்டுடுங்க. பந்து ஓரமாவே போகட்டும். கண்டக்டர் இந்தப் பக்கம், வெல்டர் அந்தப் பக்கம். நடுவுல எவன் வந்தாலும் ரெண்டு பேரும் சேர்ந்து மடக்குங்க."

எதிரணிகள் திறந்து கிடந்த நடுவுக்குள் ஆசையாக ஓடி வந்தன. வந்தவர்கள் அங்கே ஒரு கணம் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு கணம் போதும், பந்து பறிபோனது. தொடர்ந்து மூன்று வெற்றி.

மூன்றாவது ஆட்டத்தின் இடைவேளையில் எதிரணிப் பயிற்சியாளர் நடுவரிடம் பாய்ந்தார். "பன்னெண்டு பேரை வச்சு ஆடுறாங்க சார்!"

நடுவர் வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். பதினொன்று.

"அப்போ நடுவுல நின்னு 'திரும்பு, திரும்பு'ன்னு கத்திட்டிருந்தது யாருங்க?" என்றார் எதிரணிப் பயிற்சியாளர்.

கோல்கீப்பர் கையுறையைக் கழற்றிவிட்டு அழுதார். மாப்பிள்ளை இல்லாமல் ஆடிய முதல் ஆட்டத்திலிருந்தே அவருக்கு அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் மேஸ்திரி தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். வெற்றியையும் சேர்த்துத்தான். துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள்.

"உயிரோட இருந்தப்பதான் ஓய்வே இல்ல. இப்பவும் அவரு உங்களுக்கு ஆடிக்கிட்டே இருக்கணுமாண்ணா? விட்டுடுங்க அவரை."

அண்ணனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலை வெல்டரின் தோளைப் பிடித்து அந்தப் புல்லுக்குக் கூட்டிப்போய்த் தானும் கூடவே நின்றார். மேஸ்திரியின் காதருகே யாரோ மூச்சு வாங்குவது போலிருந்தது. "போதும் மாப்ள," என்றார், தரையைப் பார்த்தபடி. "நாங்க பாத்துக்கறோம்."

தினமும் அப்படி நின்றார்கள். அடுத்த இரண்டு ஆட்டமும் தோல்வி. அதற்கடுத்தது ஒன்றுக்கு ஒன்று என்று சமன். அன்று நடுக்களத்திலிருந்து வெல்டர் கத்திக்கொண்டே இருந்தார். கோல்கீப்பருக்கும் அந்த ஒரு குரல் மட்டும்தான் கேட்டது.