அத்தான் இறக்கிய லைனர்

என் அக்காவின் கணவர் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். அங்கே திருத்துவது வேலை. வெளியே திருத்துவது குணம். கல்யாணப் பத்திரிகை நீட்டுகிறவரிடம் தேதியைக் கேட்கமாட்டார், ஒற்றுப்பிழையைச் சொல்லி அனுப்புவார். இரங்கல் செய்தியைக்கூட விட்டதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு பழைய இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளை வாங்கினார். அவரைவிட நான்கு வயது மூத்த வண்டி. கிளப்பினால் நீலப்புகை எழும்பும். எதிர்வீட்டு அம்மாள் கொடியில் காயும் துணியை அள்ளிக்கொண்டு ஓடுவார். அடுத்த தெரு லேத் கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு லைனரும் தேய்ந்துவிட்டன, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார். லைனர் என்பது சிலிண்டருக்குள் உறைபோல இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் இரும்புக் குழாய். பிஸ்டன் ஏறி இறங்குவது அதற்குள்தான்.

கடைக்காரர் தானே மாற்றித் தருவதாகச் சொன்னார். அத்தானின் கண்ணோ கடைப் பலகையிலேயே இருந்தது.

"சிளிண்டர்னு எழுதியிருக்கீங்களே, இது என்ன தமிழ்?"

"சிலிண்டரே தமிழ் இல்லையே சார்" என்றார் அவர்.

அத்தான் சிலிண்டரையும் கழற்றிய மற்ற பாகங்களையும் பையில் வாரிக்கொண்டு வந்துவிட்டார். எழுத்துக்கூட்டத் தெரியாதவன் கையில் எஞ்சினைக் கொடுப்பதில்லை என்று எங்களிடம் சொன்னார். புது லைனர் இரண்டை வாங்கி வீட்டிலேயே செய்யப்போகிறாராம். அதுவரை அவர் கழற்றி மாட்டிய ஒரே பொருள் மூக்குக்கண்ணாடி.

செய்முறை ஒன்றும் ரகசியமில்லை. அலுமினியச் சிலிண்டரை நன்றாகச் சூடாக்கினால் அது விரியும். பழைய லைனர் கழன்றுவிடும். புதியதை ஃப்ரீசரில் வைத்துச் சுருங்க வைத்து, சூடு ஆறுவதற்குள் நேராக இறக்கவேண்டும். ஒளிநகல் எடுத்த கையேட்டில் இது தெளிவாக இருந்தது. அத்தான் அதை இரண்டு முறை படித்துப் பதினொரு எழுத்துப்பிழைகளைப் பென்சிலால் சுழித்தார். இத்தனை பிழையுள்ள புத்தகம் ஒரு மணி நேரம் சூடாக்கு என்று சொன்னால் நம்ப முடியுமா? அரைமணி போதும் என்று அவரே முடிவுசெய்தார்.

சூடாக்க அவர் தேர்ந்தெடுத்தது அக்காவின் ஓவனை. அக்கா ஒரு பேக்கரியில் பதினெட்டு வருடமாக ஓவன் அடுப்பைக் கவனிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலும் கேக் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பாள். அவள் வேலைக்குப் போயிருந்த காலை நேரத்தில் எண்ணெய் ஊறிய சிலிண்டர் உள்ளே போனது.

பழைய லைனர்களை எப்படியோ தட்டிக் கழற்றிவிட்டார். அந்தப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. சமையலறைக் கதவோரம் நின்றிருந்த என்னைக் கூப்பிட்டு, மெக்கானிக்குகள் இத்தனை நாள் ஊரை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று விளக்கினார். பிறகு அரைமணிச் சூட்டில் புதிய லைனரை இறக்கினார். அது மூன்றில் ஒரு பங்கு போனது, சாய்ந்தது, நின்றுவிட்டது.

திரும்பவும் சூடாக்கினால் வெளியே வந்திருக்கும். நான் அதைச் சொன்னேன். அவர் சுத்தியலை எடுத்தார். மேலே மரக்கட்டையை வைத்து நாலு போடு போட்டார். நாலாவது அடியில் லைனரின் விளிம்பு உடைந்து சிங்க்கில் போய் விழுந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மாலையில் அக்கா வந்தாள். வாசலிலேயே நாற்றம் அவளுக்குச் செய்தி சொல்லிவிட்டது. லைனரில் வார்ப்புக் கோளாறு என்று அத்தான் ஆரம்பித்தார். அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஓவனைத் திறந்து பார்த்தாள், துணியையும் சோப்பையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனாள். மூன்று நாள் தேய்த்தும் அடுத்த ஞாயிறு கேக் எஞ்சின் எண்ணெய் மணத்தோடுதான் வந்தது. எதிர்வீட்டு அம்மாள் அதைத் தட்டோடு திருப்பி அனுப்பினார்.

உடைந்ததற்கு மாற்று வந்துசேர ஒரு மாதம் ஆனது. வந்த அன்று மத்தியானம், அத்தான் கையேட்டை விரிப்பதற்குள் அக்கா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"நகருங்க. இந்த ஓவன்ல முள்ளு காட்டுறது ஒண்ணு, உள்ள இருக்கிற சூடு ஒண்ணு. கனமான சாமான் உள்வரைக்கும் சூடேற ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆகும்."

ஒன்றே கால் மணி நேரம் காத்திருந்தாள். சிலிண்டரைக் கவிழ்த்துத் தட்டியதும் உடைந்த லைனர் கழன்று விழுந்தது. சிலிண்டரை நிமிர்த்தி மேசையில் வைத்தாள். ஃப்ரீசரிலிருந்து லைனரை எடுத்து, குனிந்து ஒரு கண்ணால் நேர்பார்த்து, விட்டாள். ணங் என்ற சத்தம். விளிம்பு கச்சிதமாகப் பதிந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. சுத்தியலுக்கு வேலையே இல்லை.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிடம் எனக்கே பாவமாக இருந்தது. பிறகு அவர், "கொஞ்சம் மெதுவா இறக்கியிருக்கலாம்" என்றார். பாவம் போய்விட்டது.

உள்விட்டத்தைக் கடைந்து பிஸ்டனுக்குப் பொருத்த லேத் கடைக்குத்தான் போகவேண்டியிருந்தது. கடைக்காரர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது உங்க கை இல்லையே சார்."

அத்தான் பலகையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "வீட்டுல பண்ணாங்க" என்றார்.

வண்டி புகையில்லாமல் ஓடியது. பதினைந்து நாளில் அக்கா, தனக்கும் ஓட்டச் சொல்லித்தரும்படி கேட்டாள். பின்னால் உட்கார்ந்து அவர் ஒவ்வொரு கியருக்கும் குறை சொன்னார். தெருமுனையில் அவள் வண்டியை நிறுத்தி, அவர் இறங்கும்வரை காத்திருந்து, தனியாகப் போய்விட்டு வந்தாள். இப்போது அதிகாலை ஷிஃப்ட்டுக்கு அவள் அந்த வண்டியில்தான் போகிறாள். அத்தான் பஸ்ஸில் நின்றுகொண்டு பதிப்பகத்துக்குப் போகிறார்.

பழைய வண்டி எப்படியிருக்கிறது என்று அலுவலகத்தில் யாரோ விசாரித்தார்களாம். அருமையாக ஓடுகிறது என்றாராம். ஓட்டுவது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.