‘அண்ணே’ வராத போன்

வீட்டில் எந்தப் பாட்டிலை எடுத்தாலும் அத்தான் மூடியைக் கால் திருகு திருகி, காதருகே வைத்துக் கேட்பார்.

“பாட்டில் என்ன ரகசியம் சொல்லுது?” என்பாள் அக்கா.

எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிக் கதவுகளில் போட்ட கம்பி ‘சீல்’ பிரிபடாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பது அவர் வேலை. பதினாறு வருடப் பழக்கம், விரல்களை விட்டுப் போகவில்லை. அதே அறையில் காகிதங்களைப் பதிவு செய்யும் மேசை என்னுடையது.

இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருந்தது: அந்தப் பக்கம் சோதித்துச் சீல் வைத்த வண்டியை இந்தப் பக்கம் பிரிக்கக் கூடாது. சந்தேகம் என்றால் போனில் கேட்கலாம். எடுப்பவர் அங்குள்ள பெண் அதிகாரி. ஐந்து வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் எடுத்தவுடன், “சொல்லுங்கண்ணே, இன்னிக்கு எந்த வண்டி உங்களை முறைக்குது?” என்பார். அத்தானுக்கு அவர் ‘தங்கச்சி’.

ஒரு தடவை அத்தான் அப்படிச் சீல் வைத்த வண்டியைப் பிரித்தார். உள்ளே ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை நடந்தால் வேலை கிடையாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஒரு மதியம் தரை ஓடு ஏற்றிய லாரி வந்தது. சீல் எண் சரி, காகிதம் சரி. விரலுக்குத்தான் சரியில்லை. கம்பி மயிரிழை அசைந்தது.

“என்ன சார், கதவுக்கு நாடி பாக்கறீங்களா?” டிரைவர் சிரித்தார். அவர் சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது.

அத்தான் உள்ளே வந்து போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“தங்கச்சி, இந்த ஓட்டு லாரி...”

“பாத்தாச்சு சார். விட்டுடுங்க சார்.”

“சாப்பிட்டியாம்மா?”

“விட்டுடுங்க சார்.”

போனை வைத்தவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “சார்ங்கறாடா. அவ கழுத்துல யாரோ கத்தி வெச்சிருக்கான்.”

“வாய் தவறியிருக்கும் அத்தான். வேலை போயிடும்.”

“அஞ்சு வருசமாத் தவறாத வாய்டா.”

வெட்டுக் கத்தரியோடு இறங்கிவிட்டார். கம்பி அறுந்தது. இறக்க இறக்க ஓடுதான். மூன்றாவது வரிசையிலும் ஓடு. டிரைவர் மறுபடி சிரித்தார். அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. ஐந்தாவது வரிசையில் ஒரு பெட்டியின் கனம் மாறியது. துணியில் சுற்றிய துப்பாக்கிகள். ஓடிய டிரைவரைக் காவலர்கள் வாசலில் அமுக்கினார்கள்.

அத்தான் இரு நாட்டுக் கூட்டுப் பாதுகாப்புப் பிரிவுக்குப் போன் போட்டார். “துப்பாக்கி எங்கேயும் போகாது. முதல்ல அந்தப் பக்கம் ஆள் அனுப்புங்க, தங்கச்சி தனியா இருக்கா.”

இரண்டு மாதம் கழித்து விசாரணை அறிக்கை என் மேசைக்குப் பதிவுக்கு வந்தது. அன்று தங்கச்சியின் கழுத்தில் கத்தி எதுவும் இல்லை. பக்கத்தில் மேலதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ‘அண்ணே’ என்று சொல்லத் தங்கச்சி கூச்சப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். வண்டியைத் தானே சோதித்ததாகச் சொல்லிச் சீல் வைத்தவர் அந்த மேலதிகாரி. துப்பாக்கி கடத்தும் கும்பலின் ஆள்.