வரலாற்று குரூப்புக்கு ஆள் பிடித்த கதை

பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியார் லீவு போட்டாலும், அந்த வகுப்பைக் கட்டி மேய்க்க அனுப்பப்படுகிறவருக்குத்தான் வரலாற்று ஆசிரியர் என்று பெயர். நான் தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் இருபது வருஷமாக அந்த வேலையைப் பார்க்கிறேன். உங்களில் யாராவது இதே பாடத்தை நடத்தி அவதிப்படுகிறவர் என்றால், கீழே உள்ளதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுங்கள், போதும்.

ஜூன் மாதத்து இடி

பள்ளி திறந்த முதல் நாளே தலைமையாசிரியை கூப்பிட்டார். பதினொன்றாம் வகுப்பு வரலாற்று குரூப்பில் சேர விண்ணப்பம் வாங்கியவர்கள் மூன்று பேர். அதிலும் ஒருத்தன் தவறுதலாக வாங்கியவன். மாதக் கடைசிக்குள் பதினைந்து பேர் சேராவிட்டால் குரூப்பையே மூடிவிடுவார்களாம். "அப்போ என் கதி என்ன மேடம்?" என்றேன்.

அவர் ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்: "நீங்க சர்ப்ளஸ் சார். எந்த ஊர்ல தூக்கிப் போடுவாங்கன்னு எனக்கே தெரியாது. வீடு வீடாப் போய் ஆள் பிடிங்க."

கடையத்து ஏட்டையா

முதலில் போனது கடையத்துக்கு. பையனின் அப்பா ஓய்வுபெற்ற ஏட்டு. மூத்தவன் ராணுவம், அடுத்தவன் போலீஸ், இவன் மூன்றாவது. போலீஸ் தேர்வில் வரலாற்றுக் கேள்வி கட்டாயம் வரும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். காபி எல்லாம் கொடுத்தார். நானும் காரியம் பழம் என்று நினைத்தேன்.

டம்ளரைக் கீழே வைத்ததும் கேட்டார்: "கோர்ட்டுல முடிஞ்ச கேஸைப் போலீஸ்காரனே திரும்பிப் பாக்க மாட்டான் சார். நீங்க ஆயிரம் வருஷத்துக்கு முந்தி முடிஞ்ச கேஸைத் தோண்டுதீயளே, உங்களுக்கு வேற சோலி இல்லியா?"

எண்ணெய்ப் பலகை

சீசன் நேரத்தில் எங்கள் பக்கத்து ஆட்களை வீட்டில் பிடிக்க முடியாது. சாரல் விழுந்துவிட்டால் பாதிப் பேர் குற்றாலத்தில்தான். ஒரு பையனின் அப்பா மெயினருவிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நானும் போனேன். மனுஷர் உடம்பெல்லாம் எண்ணெயோடு பலகையில் குப்புறக் கிடந்தார். பக்கத்துப் பலகை காலியாக இருந்தது. சும்மா நின்று பேசினால் தொழில் கெடும் என்று மசாஜ்காரர் முறைத்ததால், நானும் சட்டையைக் கழற்றிப் படுத்துக்கொண்டே வரலாற்றின் அருமை பெருமைகளை விளக்கினேன். பையனின் அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. என் முதுகைப் பிசைந்துகொண்டிருந்தவர்தான் உன்னிப்பாகக் கேட்டார். நடுவில் நான் சொன்ன ஒரு பாண்டிய மன்னனின் காலத்தைத் திருத்தவும் செய்தார்.

திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினேன். அவர் என் தலையை அமுக்கிவிட்டுச் சொன்னார்: "நானும் எம்.ஏ. ஹிஸ்டரிதான் சார். திரும்பிப் படுங்க."

துவைக்கிற கல்

எப்படியோ பதினாலு பேர் தேறிவிட்டார்கள். பதினைந்தாவது ஆளுக்காக வீரகேரளம்புதூர் பக்கம் பேச்சியம்மாள் என்பவரின் வீட்டுக்குப் போனேன். மகள் முத்துச்செல்வி பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். துவைக்கிற கல்லைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குனிந்தேன். கல் முழுக்க எழுத்து! மாமனார் காலத்தில் வாய்க்கால் கரையிலிருந்து தூக்கி வந்ததாம். சோப்பு நுரையை வழித்துப் பார்த்தேன். முதல் வரியில், அந்த ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் வருகிற கால்வாயை வெட்டிய சேதி இருந்தது. அது எங்கே தொடங்கி எந்த வயல் வழியாகப் போகிறது என்பது அடுத்த வரிகளில். உடனே கல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். "இது ரொம்பப் பெரிய கல்லும்மா, பத்திரமா வச்சுக்கோங்க" என்றேன்.

அவருக்கும் சந்தோஷம்: "அதான பாத்தேன்! எழுத்து இருக்கப் போயித்தான் அழுக்கு நல்லாப் போவுது. மழுமழுன்னு இருந்தா துணி வழுக்கும்லா? ஆனா சார், எம்புள்ள நர்சுக்குத்தான் படிக்கும்."

பத்திரமாக வைத்த விதம்

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைசி முயற்சியாக மறுபடியும் போனேன். கல்லைக் காணோம். அதே இடத்தில் புத்தம் புதுசாக வேறொரு கல். கிட்டே போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அதே கல்தான். எழுத்து ஒன்றுகூட இல்லை. அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டு, மேல் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொத்த வைத்திருந்தார் பேச்சியம்மாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரம் அவர் மேல் இல்லை, என் மேல்தான். பெரிய கல் என்று சொன்னவன், ஏன் பெரிசு என்று சொல்லாமல் போனேனே!

பேச்சியம்மாள் பூரிப்போடு நின்றார்: "பெரிய கல்லுன்னு நீங்க சொன்னப்புறம் சும்மா போட்டிருக்க மனசு வரலை சார். எப்படி, லெச்சணமா இருக்கா?"

தாலுகா ஆபீஸ்

அடுத்த நாளே பேச்சியம்மாள், மகளோடு பதறிப்போய்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். அவர்கள் வயலுக்கு மேலே மனை பிரிக்கிற ஒருவர் கால்வாயை மண்ணடித்து மூடிவிட்டு, "இங்கன கால்வாயே கிடையாது" என்று சாதிக்கிறாராம். தண்ணீர் வராவிட்டால் நாற்று கருகிவிடும். கல்லில் கால்வாயைப் பற்றி இருந்ததாக முந்தின நாள் நான் புலம்பியது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. "நீங்க போட்டோ எடுத்தீயல்லா சார்?" என்றார். எனக்கு உயிர் வந்தது. மூன்று பேரும் தாலுகா ஆபீசுக்கு ஓடினோம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனை நீட்டினேன்.

அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார். "முதல் வரி தெரியுது சார். கால்வாய் எங்க போகுதுங்கிற இடத்துல உங்க தலைதான் இருக்கு" என்றார்.

பதினைந்தாவது ஆள்

திரும்பி வரும் பஸ்ஸில் பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டேன். இருபது வருஷமாகக் கல்வெட்டைக் காப்பாற்றுங்கள் என்று கத்தியவன், கையில் கிடைத்த ஒரே கல்வெட்டைத் தலையால் மறைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் சேர்க்கையின் கடைசி நாள். முத்துச்செல்வி தனியாக வந்து விண்ணப்பத்தை மேஜையில் வைத்தாள். "எங்க வயலுக்குத் தண்ணி வந்த சேதியை அந்த ஒரு கல்லுல மட்டுமா சார் எழுதி வச்சிருப்பாவ? கோயில்லயோ, பழைய கணக்குலயோ, வேற எங்கனயாவது இருக்கும்லா? அதை நான் தேடணும். அதுக்கு எந்த குரூப்பு?" என்றாள்.

ஆகவே, சக அவதியாளர்களே, இருபது வருஷம் தொண்டை வறள நான் பேசிப் பிடிக்க முடியாத ஆளை, என் மண்டை மறைத்த நாலு வரி பிடித்துக் கொடுத்துவிட்டது.