மந்தாரைக்கு வந்த சுருட்டை

மந்தாரை இலை மாட்டுக் குளம்பு போல இரண்டாகப் பிளந்து, உள்ளங்கை அகலத்துக்கு இருக்க வேண்டும். என் மரத்தில் புதிதாக வந்தவையோ விளக்குத் திரி போல முறுக்கிக்கொண்டு, நரம்பு மட்டும் துருத்தித் தொங்கின. தொடவே கூசியது.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்தபோது வாசலில் நான் வைத்த கன்று அது. ஊருக்குள் செல்போன் வந்த புதிது. வீட்டுக்குப் பின்னாலேயே எங்கள் திராட்சைப் பந்தல். காசு தராத செடியை என் மாமனார் செடியாகவே மதிக்க மாட்டார். பூவுக்காக ஒரு மரம் என்பதே அவருக்கு வெட்டி வேலை. நோய் வந்ததும் சாக்குக் கிடைத்துவிட்டது.

"ஏத்தா, இது பந்தலுக்கு ஒட்டுச்சுன்னா நாம தெருவுலதான் நிக்கணும். கொடி வெட்டுற கவாத்துக்கு முன்னாடி பிடுங்கித் தீயில போட்ருவோம்" என்றார். அவர் பயம் பொய்யில்லை. அதனாலேயே எனக்கு எரிச்சல் கூடியது.

என் வீட்டுக்காரர் மருந்துக் கடைக்குக் கிளம்பினார். காட்டுவதற்கு நாலு இலையைப் பையில் போட்டுக் கொடுத்தேன். பை முடிச்சு அவிழாமல் திரும்பி வந்தது, கூடவே ஒரு பாட்டில்.

"சுருட்டையாம். பூச்சி உறிஞ்சுதாம். இத அடிச்சாச் சரியாப் போகும்னு கடைக்காரக சொன்னாக."

"இலையப் பாத்தாகளா?"

"பாக்காமலே தெரியுமாம்."

அடித்தோம். கொடியில் காய்ந்த துணியெல்லாம் நாறியது. சோற்றிலும் அந்த வாடை அடிப்பது போலிருந்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அடுத்த துளிர் முன்னைவிடக் கோணலாக வந்தது. இன்னொரு பாட்டில் வந்தது. அதை நான் திறக்க விடவில்லை. ஒரு இலையைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கிறவர்கள் மீது அன்று வந்த அருவருப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

நானே திருப்பிப் பார்த்தேன். அசுவினிப் பூச்சி இல்லை, இலைப்பேன் இல்லை, பூசணம் இல்லை. தண்டில் துளை இல்லை, பிசின் வடியவில்லை. குனிந்து மரத்தடியைப் பார்த்தேன். அங்கே தானாக முளைத்த தக்காளிச் செடி ஒன்று நின்றது. அதிலும் அதே முறுக்கு. பக்கத்துக் கீரையிலும் முறுக்கு. ஊடே அருகம்புல் மட்டும் பச்சைப் பசேலென்று கொழுத்துக் கிடந்தது. மந்தாரையையும் தக்காளியையும் சேர்த்துப் பிடித்துவிட்டு, புல்லை மட்டும் தொடாமல் போகிற நோய் எது?

எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அகன்ற இலைக் களைகளைக் கொன்று நெல், புல் வகையை மட்டும் விட்டுவைக்கும் களைக்கொல்லி. எங்கள் நெல் வயலுக்கு அதை அடிக்கவென்றே முதுகில் மாட்டித் தெளிக்கும் தனி டேங்க் உண்டு. கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அந்த டேங்கோடு பந்தல் பக்கம் போனால் மாமனார் ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். சாரல் பட்டாலே கொடி கெட்டுவிடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் வயலில் இருந்து வந்த என் வீட்டுக்காரர் நேராக வாசல் குழாயடிக்குப் போனார். சிவப்புத் துணி டேங்கில் தண்ணீர் பிடித்துக் குலுக்கி, மந்தாரை மரத்தடியில் கவிழ்த்தார். வெள்ளையாக நுரைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கியது.

"இங்கன ஏன் கழுவுறீக?"

"பெறகு, பந்தலுக்குள்ளயா கழுவ முடியும்?"

பந்தலைக் காப்பாற்ற அத்தனை கவனமாக வாசல்வரை சுமந்து வந்திருக்கிறார். அந்தக் கவனம்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. மாமனாரைக் கூப்பிட்டு டேங்க் கழுவிய ஈரத்தையும் தக்காளியையும் புல்லையும் காட்டினேன். குனிந்து பார்த்தவர், "அட, திராட்சக் கொடியா இருந்திருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பேன்" என்றார். கொஞ்சம்கூட வெட்கமில்லை. ஆனால் பிடுங்குகிற பேச்சை விட்டுவிட்டார்.

மேல்மண்ணை வழித்தெடுத்தேன். கிளறக் கிளற அதே வாடை. மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு கிளறினேன். புது மண்ணும் மட்கிய சாணமும் போட்டு நிறையத் தண்ணீர் விட்டேன். கவாத்து முடிந்து பந்தல் துளிர்த்த சமயத்தில் மந்தாரையிலும் ஒரு இலை வந்தது. தட்டையாக, இரண்டாகப் பிளந்து, முழுசாக. அதை மட்டும் ஆசையாகத் தடவிப் பார்த்தேன்.

டேங்கை அதற்குப் பிறகு எங்கே கழுவுகிறார் என்பது, வயலுக்குச் சோறு கொண்டுபோன அன்றுதான் தெரிந்தது. வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்று டேங்கைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நுரை மிதந்து போனது. கொஞ்சம் கீழே, படித்துறையில், ஒரு பெண் அந்தத் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்தாள்.

"துப்புத்தா, துப்பு! மருந்துத் தண்ணி!" என்று கத்தினேன். தூரத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. நான் ஏதோ நலம் விசாரிக்கிறேன் என்று நினைத்து, சிரித்துக் கையாட்டிவிட்டு மறுபடி குனிந்தாள்.

"ஓடுற தண்ணிக்கு என்ன வந்துச்சு?" என்றார் என் வீட்டுக்காரர். "ஓம் மரந்தான் பொழச்சிருச்சுல்ல, பெறகென்ன?"

மறுநாள் காலையில் மந்தாரையில் முதல் பூ விரிந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.