ஏழாம் நாடாவில் ஒரு கேள்வி

"நகல் அறை உதவியாளர்: கூரிய செவியுடையவர்; எவருடனும் கலகலப்பாகப் பழகுபவர்; இயந்திர நுட்பம் அறிந்தவர்."

கொடைக்கானல் மலைப் பேச்சுப் பதிவகத்தின் பணியாளர் கோப்பில் தஸ்தகீரைப் பற்றி இப்படி எழுதியிருந்தது. ஆள் வேண்டுமென்று கொடுத்த விளம்பரத்தையே, ஆள் கிடைத்ததும் கோப்பில் ஒட்டிவிட்டார்கள். தஸ்தகீருக்குச் சிறுவயதில் வந்த அம்மையில் இடது காது போய்விட்டது. பழனி பஜாரில் அண்ணன் நடத்திய ஜவுளிக்கடையில் தைப்பூசக் கூட்டத்தைக் கண்டு மிரண்டு மலையேறியவர் அவர். இயந்திர நுட்பம் என்றால் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவார். ஆனாலும் வேலைக்கு வந்தவர்களில் குளிரைப் பற்றிப் புகார் சொல்லாதவர் அவர் ஒருவர்தான். பதிவகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

மலைமக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை ஒலிநாடாவில் பதிந்து வைப்பது பதிவகத்தின் வேலை. அசல் நாடா மதராசுக்குப் போகும். போவதற்குமுன் இரண்டாவது மெஷினில் அதற்கு ஒரு நகல் எடுத்துத் தகர அலமாரியில் வைக்க வேண்டும். அசல் தொலைந்தால்தான் நகலுக்கு மரியாதை. மூன்று வருடமாக ஒரு அசலும் தொலையவில்லை. ஆகவே நகலையும் யாரும் தேடவில்லை, தஸ்தகீரையும் யாரும் தேடவில்லை.

அந்த அறையைப்போல் பேச்சு நிறைந்த இடம் மலையிலேயே கிடையாது. காலை முதல் மாலை வரை யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள்: விதைப்பு, பேய், மாமியார், மழை. அதில் ஒரு வார்த்தைகூட அவரிடம் பேசப்பட்டதல்ல.

ஏழாம் நாடா ஒன்றுதான் விலக்கு. அய்யம்பாளையத்துப் பிச்சையம்மாள் குதிரைமேல் பாரமேற்றி மலைவாழைத் தார் இறக்கிய காலத்தைப் பற்றிச் சொன்ன நாடா அது. சொல்லி முடித்தவள், சுவரோரம் நின்ற தஸ்தகீரைத் திரும்பிப் பார்த்து, "ஏன் பாய், காலையிலேருந்து நின்னுக்கிட்டே கெடக்கீகளே, சாப்பிட்டீகளா?" என்றாள்.

பதிவு நடக்கும்போது சிவப்பு பல்ப் எரியும். எரியும்போது பேச வந்தவரைத் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது. எரிந்துகொண்டிருந்தது. தஸ்தகீர் வாய் திறக்கவில்லை. பல்ப் அணைவதற்கும், "வெரசா ஏறுங்கம்மா, மழை வருது" என்று ஜீப் டிரைவர் அவளை அழைத்துப் போவதற்கும் சரியாக இருந்தது. பேச்சுக்குப் புறம்பானது என்று அசலில் அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டார்கள். நகலிலும் வெட்ட வேண்டும் என்பது விதி. விதிகளை எல்லாம் மதிக்கும் தஸ்தகீர் அதை மட்டும் மதிக்கவில்லை. தினமும் மாலையில் கதவைச் சாத்திவிட்டு அந்த வரியை ஒருமுறை கேட்பார். நடுவில் மட்டும் ஒரு மாதம் மதராசிலிருந்து ஆய்வாளர்கள் வந்து அறையை அடைத்துக்கொண்டார்கள். அந்த மாதம்தான் அவர் மிகவும் தனியாக இருந்தார்.

1964 ஐப்பசி மூடுபனியில் கோளாறு தொடங்கியது. முதல் மெஷின் கீச்சிட்டது. பேச்சு நடுவில் விழுந்து விழுந்து எழுந்தது. தஸ்தகீர் முறையாகத்தான் ஆராய்ந்தார். கோளாறு நாடாவிலா மெஷினிலா என்று அறிய, எழுத்துக்கெழுத்து தமக்குத் தெரிந்த நாடாவைப் போட்டுப் பார்த்தார். அது ஏழாம் நாடா. பிறகு அதையே இரண்டாவது மெஷினில் போட்டார். மறுநாள் அதுவும் கீச்சிட்டது. நாடா உரசிப்போகும் முனையைத் துடைக்க ஸ்பிரிட் வேண்டும். மதுவிலக்கு நாட்டில் ஸ்பிரிட்டுக்கு அனுமதி வேண்டும். மனு போன இடத்தில் கிடந்தது. கொடைக்கானலில் சளிக்கும் மூட்டுவலிக்கும் மூட்டைப்பூச்சிக்கும் ஒரே சீசா யூகலிப்டஸ் தைலம்தான். மெஷினுக்கும் அதையே போட்டார். துடைத்தபின் சரியாகிவிட்டதா என்று பார்க்க மறுபடியும் ஏழாம் நாடா.

ஒவ்வொரு சோதனைக்கும் அந்த வரி தேய்ந்தது. முதலில் 'காலையிலேருந்து' போயிற்று. பிறகு 'கெடக்கீகளே'. கார்த்திகையில் "ஏன் பாய்" என்பதும் கீச்சொலியும்தான் மிச்சம். அது போனால் தம்மிடம் பேசிய குரல் உலகத்தில் இல்லை என்று தஸ்தகீர் நம்பினார். மெஷின் அதைத் தின்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்தார்.

மேலாளர் ஞானவேல் வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஃபர்ஸ்ட் மெஷின் டிரபிள்னதும் எந்த டேப்பப் போட்டீங்க பாய்?"

"ஏழு சார்."

"செகண்ட்ல?"

"ஏழு."

"தொடச்ச பெறகு?"

"ஏழுதான் சார்."

ஞானவேல் ஏழாம் நாடாவை விரலால் தடவி மோந்து பார்த்தார். விரலில் பழுப்பாகப் பசை ஒட்டியது.

"ஜலதோசம் புடிச்ச மாதிரி வாசம் வருது. மெஷினுக்குக் காய்ச்சல் இல்ல பாய். காய்ச்சக்காரனக் கையப் புடிச்சுக்கிட்டு வீடு வீடாக் கூட்டிப் போனது நீங்கதான். பனியில டேப்போட பூச்சு நெகிழ்ந்திருக்கு, தைலம் அத எளக்கிருச்சு. இது பட்ட மெஷின் எல்லாம் பிசுக்கு. அந்தப் பிசுக்கு அடுத்த டேப்புக்கும் ஏறும். இத அடுப்புல போடுங்க. அசல்தான் மெட்ராஸ்ல இருக்கே."

"கடைசி வரி அசல்ல இல்ல சார்."

"அப்படி என்ன வரி?"

"சாப்பிட்டீகளான்னு அந்தம்மா கேக்குது."

"யார?"

"என்னயத்தான்."

ஞானவேல் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். "நீங்க என்ன சொன்னீங்க?"

"செவப்பு பல்ப் எரிஞ்சுது சார்."

"சரி, அந்தம்மா இருக்கா, போயிருச்சா?"

தஸ்தகீர் யோசித்தார். மூன்று வருடத்தில் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. "தெரியல சார்."

"நல்ல ஆளு! அசல் என்னாச்சுன்னு பாக்காம நகலக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்களே. அய்யம்பாளையம் என்ன அமெரிக்காவுலயா இருக்கு?"

தஸ்தகீர் ஏழாம் நாடாவை அடுப்பில் போட்டார். ஞானவேல் தெரிந்த டாக்டரிடம் கெஞ்சி வாங்கிவந்த ஸ்பிரிட்டில் இரண்டு மெஷின்களையும் துடைத்தார். எட்டாம் நாடா கீச்சிடாமல் ஓடியது. மறுநாள் வெள்ளனே கிளம்பி, வத்தலக்குண்டில் பஸ் மாறி, அய்யம்பாளையத்தில் விசாரித்துக்கொண்டு போனார்.

பிச்சையம்மாள் வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பதிவகம் என்றார், பல்ப் என்றார், அவளுக்கு எதுவும் நினைவில்லை.

"யாரா இருந்தா என்ன பாய், நெழல்ல வாங்க. சாப்பிட்டீகளா?"

வருகிறவர் எல்லோரிடமும் அவள் அதைத்தான் கேட்பாள் என்பது தஸ்தகீருக்கு அப்போது புரிந்தது.

இல்லை என்று சொல்லி, உட்கார்ந்து சாப்பிட்டார்.